கார்பிள்ட் சர்க்யூட்டில் (இரு தரப்பும் தங்கள் உள்ளீட்டைக் காட்டாமல் சேர்ந்து கணக்கிடும் முறை) ஏஇஎஸ் குறியாக்கச் சுற்றை அனுப்ப 2.3 எம்பி போகிறது, எப்படிக் குறைப்பது?

எக்ஸார், நாட் லாஜிக் கேட்டுகளுக்கு மறையாக்கிய அட்டவணை அனுப்புவதை நிறுத்துங்கள், அண்ட் கேட்டின் அட்டவணையைப் பாதியாக்குங்கள். நீங்கள் சொல்லும் 2.3 எம்பி சுமார் 200 கேபிக்கு இறங்கிவிடும்.

பிரிஸ்டல் கோப்பில் (சுற்றைக் கேட் வாரியாக எழுதிவைத்த பொதுக் கோப்பு) ஏஇஎஸ்-128க்கு மொத்தம் 36,663 கேட். அதில் அண்ட் 6,400தான். கேட்டுக்கு 16 பைட்டில் நான்கு வரிசை என்று பெருக்கிப் பார்த்தேன், உங்கள் அளவு அப்படியே வந்தது. எல்லா கேட்டுக்கும் முழு அட்டவணை அனுப்பும் யாவோவின் பழைய முறையே ஓடுகிறது போலிருக்கிறது.

சோதிக்க: இரண்டு உள்ளீட்டு வயர்களை எடுத்து, ஒவ்வொன்றின் 0 லேபிளையும் 1 லேபிளையும் (0, 1 மதிப்புகளுக்குப் பதிலாக நிற்கும் ரகசியச் சரங்கள்) எக்ஸார் செய்து அச்சிடுங்கள். விடைகள் வேறுபட்டால் எக்ஸாருக்கு அட்டவணையே வேண்டாத ஃப்ரீ எக்ஸார் முறை (2008) இல்லை என்று அர்த்தம். எல்லா வயருக்கும் ஒரே டெல்டா (அந்த இரு லேபிளின் எக்ஸார் விடை) வைத்தால் எக்ஸாரும் நாட்டும் செலவில்லாமல் முடியும். அண்டுக்கு, நான்குக்குப் பதில் இரண்டே வரிசை அனுப்பும் ஹாஃப் கேட்ஸ் முறை (2015) போடுங்கள், கேட்டுக்கு 32 பைட்தான்.

கவனம்: ஒரே வயரின் இரு லேபிளும் மதிப்பிடும் தரப்பின் (சுற்றைப் பெற்று ஓட்டுபவர்) கையில் சிக்கினால் டெல்டா வெளியாகிவிடும், பிறகு ரகசியம் எதுவும் மிஞ்சாது. அந்தச் சோதனை அச்சை உடனே அழித்துவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டெல்டா எடுங்கள்; அட்டவணையை மறைக்கும் ஹாஷில் கேட் எண்ணையும் சேருங்கள். இவ்வளவு செய்தாலும், நெறிமுறையை மீறி ஏமாற்றும் எதிர்த்தரப்பிடமிருந்து இது காப்பாற்றாது.