புள்ளி அணைந்ததா? முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்

போன மாதம் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, கைத்துப்பாக்கியின் மேல் பொருத்தும் சிவப்புப் புள்ளிக் குறிகாட்டியைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். கிளப்பில் எல்லாரும் ‘ரெட் டாட்’ என்றுதான் சொல்கிறோம். சின்னக் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும், அதைக் குறியின் மேல் வைத்துச் சுட வேண்டியதுதான். அதிலிருந்து வருகிற கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உரிமம் உள்ள கிளப் உறுப்பினர்கள். நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மார்க்கெட் எதிரே முப்பது வருடம் கடிகாரக் கடை வைத்திருந்தவன். பட்டன் பேட்டரியும் பொடி ஸ்க்ரூவும்தான் எனக்குச் சோறு போட்டன. சனிக்கிழமைகளில் கிளப்பில் சுடவும் செய்கிறேன். அதனால் இந்த வாரம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

கேள்வி: ரெட் டாட் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. சுடும்போது புள்ளி மறைந்து மறுபடி வருகிறது. சும்மா வைத்திருந்தால் நன்றாக எரிகிறது. கடைக்காரர் ‘கண்ணாடி போய்விட்டது, புதிது எடுங்கள்’ என்கிறார். (ஈப்போ)

பதில்: எடுக்காதீர்கள். சும்மா இருக்கும்போது எரிந்து, சுடும்போது மட்டும் அணைகிறது என்றால் கண்ணாடியின் மேல் பழி போட முடியாது. முதலில் சந்தேகப்பட வேண்டியது பேட்டரியும் அதைத் தொடும் தகடும்.

நீண்ட துப்பாக்கியில் ரெட் டாட் உடம்போடு உட்கார்ந்திருக்கும். கைத்துப்பாக்கியில் அது ஸ்லைடின், அதாவது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகத்தின், முதுகில் சவாரி செய்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து முட்டி நிற்கும், பிறகு முன்னால் ஓடி மறுபடி முட்டும். கண் இமைக்கிற நேரத்தில் இத்தனையும் நடந்து முடிகிறது. அந்த உதறலில் பேட்டரி தகட்டை விட்டு ஒரு மயிரிழை விலகினால் போதும், புள்ளி போய்விடும். பெரிய பெயருக்கும் இது நடந்திருக்கிறது. டிரிஜிகான் நிறுவனத்தின் ஆர்எம்ஆர் என்கிற ரெட் டாட் 2009-ல் வந்தது. முதல் பதிப்பைக் கைத்துப்பாக்கியில் போட்ட சிலர் இதே மினுக்கலைச் சொன்னார்கள். 2017-ல் டைப் 2 என்று உள்பாகங்களைத் திருத்திக் கொண்டுவந்தார்கள்.

பேட்டரியைக் கழற்றுங்கள். நகக்கண்ணில் அழுக்குப் பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பாருங்கள். தொடும் இடத்தில் கறுப்பாகத் தேய்ந்த புள்ளி தெரிந்தால் அங்கே தொடர்பு விட்டுவிட்டுப் பிடித்திருக்கிறது. தகட்டையும் பேட்டரியையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, நல்ல கம்பெனிப் புது பேட்டரி போட்டுச் சுட்டுப் பாருங்கள். இன்னொன்று: குழந்தைகள் விழுங்காமல் இருக்கச் சில பேட்டரிகளுக்குக் கசப்புப் பூச்சு கொடுக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் சில கருவிகளில் அந்தப் பூச்சே தொடர்பைக் கெடுக்கிறது. தொலைந்த சாமானைத் தேட உதவும் ஏர்டேக் வில்லைக்கு அந்த வகை சரிப்படாமல் போகலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அப்படிப்பட்ட பேட்டரியைப் போட்டிருந்தால் பூச்சில்லாததை மாற்றிப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் அணைந்தால் உத்தரவாதத்தில் திருப்பிக் கொடுங்கள். எட்டு மாதம் என்றால் பெரும்பாலும் உத்தரவாதம் இருக்கும். கடைக்காரர் ஏன் அதைச் சொல்லவில்லை என்று அவரிடமே கேளுங்கள்.

கேள்வி: புள்ளி வட்டமாக இல்லை, வால் முளைத்த மாதிரி தெரிகிறது. மாற்றித் தருவார்களா? (கம்பார்)

பதில்: கைத்தொலைபேசியில் அதைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கண் டாக்டரிடம் போங்கள், கடைக்குப் போகாதீர்கள்.

கேள்வி: 2,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) நல்ல ரெட் டாட் வாங்கினேன். அடியில் போடும் பிளேட் மட்டும் ஆன்லைனில் 30 வெள்ளிக்குக் கிடைத்தது. 400 குண்டு கூட ஆகவில்லை, ஆட ஆரம்பித்துவிட்டது. இதைவிட உறுதியான பிராண்ட் எது? (தைப்பிங்)

பதில்: உங்கள் பிராண்டில் குறை இல்லை, ஐயா. 2,000 வெள்ளிச் சாமானை 30 வெள்ளித் தகட்டில் உட்கார வைத்துவிட்டு அடுத்த பிராண்ட் கேட்கிறீர்கள். இந்த மாதிரி மாதத்துக்கு நாலு கடிதம் வருகிறது. இன்றைக்கு இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

நானும் இதே காரியத்தைச் செய்தவன். சில வருடங்களுக்கு முன் 28 வெள்ளிக்கு ஒரு பிளேட் வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. கிளப் போட்டியில் மூன்றாவது சுற்று, நடுவில் என் நெற்றிக்கு மேலே ஏதோ பறந்தது. ரெட் டாட் மணலில் கிடந்தது, கண்ணாடியின் ஒரு மூலை பெயர்ந்துவிட்டது. இரண்டு ஸ்க்ரூவும் கழுத்தில் ஒடிந்திருந்தன. தலை ரெட் டாட்டோடு போய்விட்டது, உடல் ஸ்லைடுக்குள் நின்றுவிட்டது. ஒடிந்த துண்டுகளை எடுக்க மட்டும் ஆயுதப் பழுதுகாரருக்கு 180 வெள்ளி கொடுத்தேன். முப்பது வருடம் ஸ்க்ரூவோடு வாழ்ந்த எனக்கு அது பெரிய வலி.

ஏன் ஒடிந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிளேட்டுக்கும் ரெட் டாட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருந்தது. ஸ்லைடு ஒவ்வொரு முறை உதறும்போதும் ரெட் டாட் அந்த இடைவெளியில் முன்னும் பின்னும் நகர்ந்திருக்கிறது. நகர்வதைத் தடுக்க அங்கே இருந்தது ஸ்க்ரூ மட்டும்தான். ஸ்க்ரூவின் வேலை கீழே அழுத்திப் பிடிப்பது. பக்கவாட்டு உதையைத் தாங்க வேண்டியது பிளேட்டில் நிற்கும் முளையும் சுற்றுச் சுவரும். முளை ரெட் டாட்டின் அடிக்குழியில் இறுக்கமாக உட்கார வேண்டும். அது தளர்ந்தால் எந்த ஊர் ஸ்க்ரூவும் ஒருநாள் ஒடியும்.

ஸ்க்ரூ இல்லாமலே பிளேட்டை ரெட் டாட்டின் மேல் வைத்து விரலால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்ன ஆட்டம் கையில் பட்டாலும் அந்தப் பிளேட் வேண்டாம்.

ஸ்க்ரூவின் நீளத்தையும் பாருங்கள். குட்டையாக இருந்தால் இரண்டு மரை மட்டும் பிடித்து அறுந்துவிடும். நீளமாக இருந்தால் வேறு ஆபத்து. 2015-ல் வந்த, ரெட் டாட் பொருத்த வசதி உள்ள குளோக் எம்ஓஎஸ் வகைத் துப்பாக்கிகளில் ஒரு ஸ்க்ரூ ஓட்டைக்கு நேர் கீழே, காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கியின் தண்டு ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் அதிகமானால் ஸ்க்ரூ நுனி அந்தத் தண்டை அழுத்தும், காலித் தோட்டா வெளியே வராது. ‘துப்பாக்கி மக்கர் செய்கிறது’ என்று அப்புறம் துப்பாக்கியைத் திட்டுவோம். ஸ்க்ரூ தளராமல் இருக்கப் போடும் மரைப் பசையை அளவில்லாமல் ஊற்றினாலும் அது அதே ஓட்டையில் இறங்கித் தண்டை ஒட்டிவிடும்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை ஸ்பிரிட்டால் துடைத்து எடுங்கள். நீல நிற மரைப் பசை ஒரு பொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். இறுக்கத்துக்குக் கையின் பலத்தை நம்பாதீர்கள். ஆர்எம்ஆர் வகைக்கு 12 இன்ச்-பவுண்டு, அதாவது சுமார் 1.4 நியூட்டன் மீட்டர் என்று சொல்வார்கள். சோடா போத்தல் மூடியைத் திருகுகிற பலம் கூட வேண்டாம். உங்கள் மாடலின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. அளவுகாட்டும் ஸ்க்ரூடிரைவர் ஒன்று கிளப்பில் பொதுவாக வாங்கி வைத்தால் எல்லாருக்கும் ஆகும். இறுக்கியதும் ஒருநாள் முழுக்க விடுங்கள், பசை காயட்டும். பிறகு வீட்டில் இருக்கும் நகப்பூச்சை எடுத்து, ஸ்க்ரூ தலையிலிருந்து உடம்பு வரை ஒரே கோடாக இழுங்கள். கோடு உடைந்து விலகியிருந்தால் ஸ்க்ரூ திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

அந்த 30 வெள்ளி போனது போகட்டும். துப்பாக்கிக் கம்பெனியோ ரெட் டாட் கம்பெனியோ செய்த பிளேட்டை வாங்குங்கள், ஸ்க்ரூவையும் புதிதாகப் போடுங்கள்.

கேள்வி: பெட்டியில் 50,000 மணி நேரம் என்று போட்டிருக்கிறது. இரண்டு வருடத்திலேயே பேட்டரி போய்விட்டது. ஏமாற்றா? (பீடோர்)

பதில்: 50,000 மணி நேரம் என்பது ஐந்தே முக்கால் வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அது நடுத்தர வெளிச்சத்தில் எண்ணியது. நம் ஊர் நண்பகல் வெயிலில் புள்ளி தெரிய வெளிச்சத்தை ஏற்றுகிறோம், ஏற்றிய இடத்திலேயே விட்டுவிட்டுப் பெட்டியில் போட்டு மூடுகிறோம். பேட்டரி வேகமாகத்தான் போகும்.

பேட்டரியின் பெயரிலேயே அளவு இருக்கிறது. சிஆர் 2032 என்றால் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. சிஆர் 1225 என்றால் 12.5 அகலம், 2.5 தடிப்பு. சின்னதில் இருக்கும் மின்சாரம் பெரியதில் கால் பங்குதான். சுவீடன் கம்பெனியான எய்ம்பாயின்ட், ஆக்ரோ பி-1 மாடலைச் சின்ன பேட்டரியோடு கொண்டுவந்தது. அடுத்து வந்த பி-2-வில் 2032-க்கு மாறினார்கள். வாங்கும்போது புள்ளியின் நிறத்தைக் கேட்கிறவர்கள் எந்தப் பேட்டரி என்று கேட்பதில்லை. பேட்டரியைப் பக்கவாட்டில் மாற்றலாமா, முழுவதையும் கழற்ற வேண்டுமா என்றும் கேளுங்கள். கழற்றிப் போட்டால் குறி சரியாக விழுகிறதா என்று மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும், அந்தக் குண்டுச் செலவும் உங்களுடையதுதான்.

எரிகிறதோ இல்லையோ, வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். நான் தீபாவளி வாரத்தில் மாற்றுகிறேன், மறப்பதில்லை.

கேள்வி: மழையில் சுட்டால் புள்ளி சிதறுகிறது. ‘வாட்டர்புரூஃப்’ என்றுதான் விற்றார்கள். (தஞ்சோங் ரம்புத்தான்)

பதில்: தண்ணீர் உள்ளே போகவில்லை, அதனால் அவர்கள் சொன்னது பொய் ஆகாது. உங்களுடையது திறந்த வகை. பின்னால் இருக்கும் சின்ன விளக்கு, முன் கண்ணாடியின் மேல் ஒளியை அடிக்கிறது, கண்ணாடி அதை உங்கள் கண்ணுக்குத் திருப்புகிறது. விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே திறந்த வெளிதான். விளக்கின் மேல் ஒரு மழைத்துளி விழுந்தாலும் புள்ளி பூவாகச் சிதறும். சட்டைப் பஞ்சு விழுந்தாலும் இதே கதை. மூடிய வகையில் இரண்டு பக்கமும் கண்ணாடி போட்டு அடைத்திருப்பார்கள். வெளிக்கண்ணாடியில் விழும் துளியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டுச் சுடலாம். விலையும் எடையும் கூடும். பேராக் மழையில் வருடம் முழுக்கத் திறந்த வெளியில் சுடுகிறவர் என்றால் மூடியதே வாங்குங்கள் என்பேன். கூரைக்கடியில் மட்டும் சுடுகிறவருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

கார் ஏர்கானிலிருந்து எடுத்தவுடன் இரண்டு வகையிலும் கண்ணாடியில் பனி படரும். பெட்டியைப் பத்து நிமிடம் முன்னாலேயே வெளியே வைத்துத் திறந்துவிடுங்கள், ஆனால் பக்கத்தை விட்டு நகராதீர்கள். துப்பாக்கியோடு வந்த இரும்புக் குறியையும் கழற்றிவிடாதீர்கள். கண்ணாடிக்குள் தெரிகிற உயரத்தில் அது இருந்தால், புள்ளி போனாலும் சுட்டு முடிக்கலாம்.

கேள்வி: தோட்டத்தில் வேலை செய்து கொண்டே ஒரு வருடம் சேர்த்த பணம். முகநூலில் ஒருவரிடம் ‘ஒரிஜினல்’ என்று 1,450 வெள்ளிக்கு வாங்கினேன். கிளப்பில் காட்டியபோது விளையாட்டுத் துப்பாக்கிக்குச் செய்த நகல் என்கிறார்கள். இருபது குண்டில் புள்ளி செத்துவிட்டது. கேட்டால் முகநூலில் என்னை ‘பிளாக்’ செய்துவிட்டார். வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, வெட்கப்பட வேண்டியவர் விற்றவர். வீட்டில் இன்றைக்கே சொல்லுங்கள். இந்த மாதிரி நகல்கள் எழுத்து, முத்திரை எல்லாம் அச்சு அசலாக வருகின்றன. மிதமான உதறலுக்குச் செய்த சாமான் அது, நிஜத் துப்பாக்கியில் நிற்காது. பெட்டிக்குள் பார்த்து மட்டும் யாராலும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

விளம்பரம், உரையாடல், பணம் போன ரசீது எல்லாவற்றையும் இப்போதே படம் எடுத்து வையுங்கள், அவர் அழித்துவிடுவார். போலீசில் புகார் கொடுங்கள். இனி யாருக்காவது இப்படி நடந்தால், பணம் போன உடனேயே 997-ஐ அழைக்கச் சொல்லுங்கள். அது தேசிய மோசடித் தடுப்பு மையம், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. விற்றவர் வியாபாரமாக நடத்துகிறவர் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். தன் பழைய சாமானை விற்ற தனிமனிதர் என்றால் அங்கே எடுக்க மாட்டார்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 5,000 வெள்ளி வரைக்குமான சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். அதற்கும் வழக்கறிஞர் வேண்டாம்.

மனு எழுதத் தெரியவில்லை என்றால் காகிதங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.

கேள்வி: பையன் பிறந்தநாளுக்கு ரெட் டாட் வைத்த ஜெல் துப்பாக்கி கேட்கிறான். எது தாங்கும்? (சுங்கை சிப்புட்)

பதில்: எதுவும் வாங்காதீர்கள். 1960-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 36-வது பிரிவில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். ஜெல் துப்பாக்கியையும் போலீஸ் அந்தக் கணக்கில்தான் எடுக்கிறது. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: கழற்றிய பழைய பட்டன் பேட்டரியைக் குப்பையில் போடலாமா? வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி இருக்கிறாள். (சிம்மோர்)

பதில்: இதைக் கேட்டதற்கு நன்றி அம்மா. தீர்ந்துபோன பேட்டரி என்றாலும் குழந்தையைப் புண்ணாக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் இருக்கும். தொண்டைக்குக் கீழே உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். கழற்றிய கையோடு இரண்டு பக்கமும் ஒட்டு நாடா சுற்றி, மூடி இறுகிய போத்தலில் போட்டு உயரத்தில் வையுங்கள். பேட்டரி சேகரிக்கும் பெட்டி வைத்திருக்கும் கடைக்குப் போகும்போது கொண்டுபோய்ப் போடலாம். விழுங்கியிருப்பாளோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காதீர்கள், காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அதே வகைப் பேட்டரியின் அட்டை வீட்டில் இருந்தால் அதையும் கையில் எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அளவு தெரியும்.