ஓஃபர் லெட்டர் வந்ததும் காணி உறுதியைத் தேடவேண்டாம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் பிசியோதெரபி மேற்படிப்புப் பற்றியவை. எல்லாவற்றையும் சுருக்கித்தான் தந்திருக்கிறேன்.

பேராதனையில் பிசியோதெரபி பட்டம் முடித்து, இரண்டு வருடமாகத் தனியார் வைத்தியசாலையில் வேலை செய்கிறேன். லண்டனில் ஒரு வருட எம்.எஸ்சி.க்கு ஏஜென்சி ஒன்று இடம் எடுத்துத் தந்திருக்கிறது. முடித்தால் அங்கேயே பிசியோவாக வேலை செய்யலாம் என்கிறார்கள். அப்பா காணியை ஈடு வைக்கப் போகிறார். காசு கட்டலாமா? (வாசகி, சுன்னாகம்)

இப்போதைக்குக் கட்டவேண்டாம், தங்கச்சி. அப்பாவையும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

பிரித்தானியாவில் பிசியோதெரபிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டக் காவல் இருக்கிறது. எச்.சி.பி.சி. என்ற சுகாதார, பராமரிப்புத் தொழில்கள் பேரவையில் பதிந்தவர் மட்டும்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். இந்த ஒரு வருட எம்.எஸ்சி. அந்தப் பதிவைத் தராது. ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர் தசை எலும்பு, நரம்பு, விளையாட்டு என்று ஒரு துறையில் ஆழமாகப் போவதற்கான படிப்பு அது. படிப்பில் குறை இல்லை. அதை வேலைக்கான கதவு என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் பொய்.

உங்கள் பேராதனைப் பட்டத்தை வைத்து, சுன்னாகத்தில் இருந்தபடியே அந்தப் பேரவைக்கு வெளிநாட்டில் தகைமை பெற்றவராக விண்ணப்பிக்கலாம். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், எவ்வளவு வேலை அனுபவம் என்று பார்த்து முடிவு சொல்வார்கள். எம்.எஸ்சி. கட்டணத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அந்த விண்ணப்பக் காசு மிகச் சிறியது. ஏஜென்சி இதை ஏன் சொல்லவில்லை? உங்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்தால் அவர்களுக்குக் கமிஷன் வரும். நீங்களாகப் பேரவையில் பதிந்தால் ஒரு சதமும் வராது. பதிவு கையில் வந்தபிறகும் படிக்க ஆசை இருந்தால் போங்கள். தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்ய விடுவார்கள். அதையாவது உங்கள் தொழிலிலேயே தேடலாம்.

எனக்கு இதில் ஆத்திரம் வருவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. தம்பியின் டிப்ளோமா படிப்புக்கு அம்மாவின் இரண்டு காப்பை அடைவு வைத்துக் காசு கட்டியவன் நான். விளம்பரத் தாளில் தங்க நிற முத்திரை, வெளிநாட்டுக் கொடி, 'சர்வதேச அங்கீகாரம்' என்று கொட்டை எழுத்து. யாருடைய அங்கீகாரம் என்று நான் கேட்கவில்லை. தம்பி அந்தச் சான்றிதழோடு நேர்முகத்துக்குப் போனபோது, எடுத்துப் பார்த்துவிட்டு மேசை ஓரத்துக்குத் தள்ளிவைத்தார்களாம். காப்பை மீட்கவே முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. அம்மா இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

யாழ். பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் படித்தேன். இங்கிலாந்தில் 'விளையாட்டு மறுவாழ்வு' எம்.எஸ்சி. படித்தால் பிசியோ ஆகலாமா? (வாசகர், கோண்டாவில்)

ஆக முடியாது. அங்கே அது வேறு தொழில். வேறு பட்டம் படித்தவர் பிசியோ ஆக வேண்டுமென்றால் பதிவுக்கு முந்திய எம்.எஸ்சி. என்று ஒன்று இருக்கிறது. வழக்கமாக இரண்டு வருடம், வைத்தியசாலைப் பயிற்சியும் அதற்குள்ளேயே வரும். பேரவையின் இணையத்தளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் படிப்பின் பெயர், எழுத்து மாறாமல் அதில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அவுஸ்திரேலியாவிலும் இப்படி இரண்டு வகை உண்டு. அங்கே பார்க்க வேண்டியது ஆப்ரா என்ற சுகாதாரத் தொழில் பதிவு அமைப்பின் பட்டியல்.

ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் 6.5 எடுத்திருக்கிறேன். போதும் என்கிறார் ஏஜென்ட். (வாசகர், பருத்தித்துறை)

பல்கலைக்கழகத்துக்குப் போதலாம். பேரவை கேட்பது மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. திரும்ப எழுதுங்கள்.

பிரித்தானியாவில் படிப்பு முடிந்தபின் இரண்டு வருடம் நிற்கலாம், மனைவியையும் கூட்டிப்போகலாம் என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். உண்மையா? (வாசகர், மானிப்பாய்)

மனைவியைக் கூட்டிப்போக முடியாது. இப்படிப்பட்ட எம்.எஸ்சி. மாணவர் குடும்பத்தை அழைப்பதை 2024 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். நிற்கும் காலமும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவருக்கு 18 மாதம்தான். இனிப் போகிறவர் அந்தக் கணக்கில்தான் வருவார்.

முகநூலில் அறிமுகமான ஒருவருடைய கணக்குக்கு மூன்று இலட்சம் போட்டேன். கனடாவில் பிசியோ படிப்பு என்றார். எந்தப் பல்கலைக்கழகம் என்று இன்னும் சொல்லவில்லை. நம்பலாமா? (வாசகர், நெல்லியடி)

நல்லூர்த் திருவிழாவில் ஒரு சோடி வளையலுக்கு நாலு கடை ஏறி விலை கேட்கிறோம். நீங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர்கூடத் தெரியாமல் மூன்று இலட்சம் போட்டிருக்கிறீர்கள். நம்பவேண்டாம். இன்றைக்கே வங்கிக்கும் பொலிசுக்கும் போங்கள். எனக்குக் கடிதம் எழுதிய நேரத்தில் அதைச் செய்திருக்க வேண்டும்.

சென்னையில் இரண்டு வருட எம்.பி.டி. (பிசியோ முதுகலைப் பட்டம்) எப்படி? (வாசகி, கொக்குவில்)

ஊருக்குத் திரும்பி வேலை செய்யும் எண்ணம் என்றால் நல்ல தெரிவு. நோயாளியோடு தமிழிலேயே கதைத்துப் பழகலாம். ஓர்தோவா (எலும்பு, மூட்டு) நியூரோவா (நரம்பு) என்று பிரிவை முதலில் முடிவு செய்யுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்தை ஏற்கிறார்களா என்று நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் காசு கட்டுங்கள்.

விசா மறுத்துவிட்டார்கள். ஃபைல் சார்ஜ் என்று வாங்கிய 85,000 ரூபாவைத் திருப்பித் தர முடியாது என்கிறது ஏஜென்சி. என் மூலச் சான்றிதழ்களும் அவர்களிடம். அம்மா தையல் வேலை செய்து சேர்த்த காசு அது. (வாசகி, சாவகச்சேரி)

நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டின் படத்தை நெடுநேரம் பார்த்தேன். முன்பக்கம் தொகையும் கையெழுத்தும். பின்பக்கம், ஊதா மையில் பாதி அழிந்த முத்திரை: 'கட்டணம் மீளளிக்கப்படாது.' காசை எண்ணி எடுத்தபிறகு கையில் தந்த தாளின் முதுகில் அதைக் குத்தியிருக்கிறார்கள். நீங்கள் ஏமாந்ததில் உங்கள் பிழை எதுவும் இல்லை, பிள்ளை.

முதலில் சான்றிதழ்கள். திருப்பித் தரச் சொல்லி ஒரு திகதி குறித்துப் பதிவுத் தபாலில் கடிதம் போடுங்கள். தராவிட்டால் பொலிசில் முறைப்பாடு. மற்றவருடைய மூலச் சான்றிதழைப் பிடித்துவைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் இல்லை. அப்புறம் காசு. நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், எழுத்திலும் கொடுங்கள். சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதால் நாளைக் கடத்தவேண்டாம். மத்தியஸ்த சபைக்கும் போகலாம். படிப்போடு வேலையும் எடுத்துத் தருவதாக எழுதியிருந்தால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கும் சொல்லுங்கள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது குற்றம்.

பற்றுச்சீட்டின் இரண்டு பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். முறைப்பாடு கொடுக்கக் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) தனியே போகத் தயக்கமாக இருந்தால் எழுதுங்கள், நானும் வருகிறேன்.