மாசி, பங்குனியில் மாமரத்தடியில் ‘மூடாக்கு’ போடச் சொல்கிறார்களே, அது எதற்கு?

மரத்தடி மண்ணைச் சருகு, வைக்கோல், தென்னை மட்டை மாதிரி காய்ந்த பொருளால் போர்த்தி வைப்பதுதான் மூடாக்கு.

இந்த மாதங்களில்தான் மா பிஞ்சு பிடிக்கிறது, வெயிலும் ஏறுகிறது. தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில் இருக்கின்றன. வெறும் மண்ணில் வெயில் நேரே விழுந்தால் அந்த ஈரம்தான் முதலில் ஆவியாகும். ஈரம் குறைந்தால் மரம் பிஞ்சுகளை உதிர்த்துவிடும். (எல்லாப் பிஞ்சும் எப்படியும் நிற்காது, மரமே தாங்கும் அளவுக்குத்தான் வைத்துக்கொள்ளும்.)

ஈரத் துண்டை மடித்து வைத்துப் பாருங்கள். மேல் மடிப்பு காய்ந்திருக்கும், உள்ளே சில்லென்று இருக்கும். மூடாக்கு அந்த மேல் மடிப்பு.

முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு, அப்புறம் 3 அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் பட்டை ஈரத்தில் அழுகும். அழுகி விழுந்த காய்களை இதில் சேர்க்காதீர்கள்; பழ ஈயின் புழு அதில்தான் இருக்கும். சருகைக் கூட்டிக் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

மூடாக்கு போட்டால் தண்ணீரே விட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள்; அது இருக்கும் ஈரத்தைக் காக்குமே தவிர, இல்லாத ஈரத்தைக் கொண்டுவராது.