ஆபீஸ் பீரோவுக்குள் இன்சுலின்

அன்புள்ள அக்கா,

என் மகளுக்கு 12 வயது. ஏழாவது படிக்கிறாள். போன தீபாவளி சமயத்தில்தான் அவளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்தது. வீட்டில் அவளே விரலைக் குத்தி சுகர் பார்க்கிறாள், பேனா போன்ற ஊசியில் இன்சுலினும் போட்டுக்கொள்கிறாள். பள்ளியில்தான் பிரச்சினை. மீட்டர், பேனா, குளுக்கோஸ் பொடி எல்லாவற்றையும் ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் ஊசியை எடுத்து விளையாடுவார்கள், பையில் இருந்தால் மருந்து கெட்டுப்போகும் என்கிறார்கள். மதியம் கிளார்க் சாப்பிடப் போய்விட்டால் இவள் வாசலில் காத்து நிற்கிறாள். கையில் கிடைத்ததும் பாத்ரூமுக்குள் போய்ப் போட்டுக்கொள்கிறாள். சண்டை போட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். பேசாமல் விட்டுவிடலாமா?

செல்வி

அன்புள்ள செல்வி,

விட்டுவிடாதீர்கள். சண்டையும் வேண்டாம், ஆனால் அந்தப் பீரோவிலிருந்து குளுக்கோஸ் பொடியும் மீட்டரும் இந்த வாரமே வெளியே வர வேண்டும்.

எனக்கும் டைப் 1தான். 1996இல், ஒன்பதாவது படிக்கும்போது வந்தது. ஒரு நாள் கணக்கு வகுப்பில் சுகர் இறங்கிவிட்டது. முதலில் கரும்பலகையில் இருந்த எண்கள் அசைந்தன. அப்புறம் கழுத்துக்குப் பின்னால் வியர்த்தது, பேனாவைப் பிடிக்க முடியவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்வி காதில் விழுந்தது, அர்த்தம்தான் புரியவில்லை. நடிக்கிறேன் என்று நினைத்து நிற்க வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த பெண் தன் டப்பாவைத் திறந்து கடலை மிட்டாயை என் வாயில் திணித்தாள். அதில் தேறி வந்தேன், ஆனால் மெதுவாகத்தான். கடலையில் உள்ள கொழுப்பு சர்க்கரையை ரத்தத்தில் சட்டென்று ஏற விடாது. சாக்லேட்டும் அப்படித்தான். அந்த நேரத்துக்குக் குளுக்கோஸ் பொடியோ, தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரையோதான் சரி.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. சுகர் 70க்குக் கீழே போய் இன்னும் இறங்கினால் மூளை தடுமாறும். அந்த நிலையில் ஒரு பிள்ளை எழுந்து, அனுமதி கேட்டு, மாடி இறங்கி, பூட்டிய பீரோ முன்னால் நின்று, தனக்கு என்ன வேண்டும் என்று விளக்கிச் சொல்ல வேண்டும் என்றால் எப்படி முடியும்? 15 கிராம் குளுக்கோஸ் வாய்க்குள் போக வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். இதெல்லாம் அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சிலேயே நடக்க வேண்டியது. சுகர் இறங்கிய பிள்ளையைத் தனியாக எங்கேயும் அனுப்பவே கூடாது. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். வகுப்பு ஆசிரியைக்கும் பி.டி. மாஸ்டருக்கும் இந்த விஷயம் மனப்பாடமாக இருக்க வேண்டும். விளையாட்டு முடிந்து சில மணி நேரம் கழித்தும் சுகர் இறங்கும் என்பதை மாஸ்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

மருந்து கெட்டுவிடும் என்ற கவலையில் பாதி நியாயம் இருக்கிறது. இன்னும் பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரியில், ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் பேனா, 30 டிகிரிக்கு மிகாமல் பார்த்துக்கொண்டால், பெரும்பாலும் நான்கு வாரம் வெளியிலேயே இருக்கும் (உங்கள் மருந்தின் அட்டையில் எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்). நம் ஊர் சித்திரை வெயிலுக்கு 30 ஒரு கணக்கே இல்லை என்பதால் குளிர்ச்சி காக்கும் சின்னப் பை ஒன்று வாங்கிக் கொடுங்கள். வகுப்பு மூலையில் ஈரமணல் மேல் வைத்த மண்சட்டிகூடப் போதும், ஃபிரிட்ஜ் இல்லாத எத்தனையோ வீடுகளில் இன்சுலின் அப்படித்தான் இருக்கிறது. ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

ஊசி பற்றிய பயத்தையும் தள்ளிவிடாதீர்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் அது வரத்தான் செய்யும். ஜிப் வைத்த பை, பயன்படுத்திய ஊசியைப் போட மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பா, அது தினமும் வீட்டுக்குத் திரும்பிவிடும் என்ற உறுதி, இவை இருந்தால் பெரும்பாலான ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். பேனா வகுப்பு ஆசிரியையின் மேஜையில் இருக்கட்டும் என்றால்கூட நான் சம்மதிப்பேன். குளுக்கோஸும் மீட்டரும் மட்டும் அவள் பையிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் அந்தப் பாத்ரூம். உங்கள் கடிதத்தில் என்னை ரொம்பவும் வருத்தியது அதுதான். ஈரத்தரை, பேனாவை வைக்க இடமில்லை, வெளியே யாராவது கதவைத் தட்டுவார்கள். அந்த அவசரத்தில் யூனிட் தப்பாகத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? நானும் இரண்டு வருடம் அப்படிப் போட்டுக்கொண்டேன். ஒளித்துச் செய்ய வேண்டிய காரியம் என்று மனசில் பதிந்துவிட்டது, கல்லூரிக்குப் போன பிறகும் போகவில்லை. தோழிகள் முன்னால் சங்கடமாக இருந்து சில வேளை இன்சுலினே போடாமல் சாப்பிட்டிருக்கிறேன். உங்கள் மகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற இடத்திலேயே இன்சுலினும் போட்டுக்கொள்ளட்டும்.

கையில் காகிதம் இருந்தால் பேச்சு எளிதாகும். டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள்: எப்போது சுகர் பார்க்க வேண்டும், எத்தனை யூனிட், இறங்கினால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. 2023இல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. டைப் 1 பிள்ளைகள் வகுப்பிலும் தேர்விலும் சுகர் பார்க்கவும், இன்சுலின் போடவும், தேவையானதைச் சாப்பிடவும் ஆசிரியர்கள் அனுமதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். சி.பி.எஸ்.இ. 2017லேயே பொதுத்தேர்வு அறைக்குள் இந்தப் பிள்ளைகள் தின்பண்டம் கொண்டுபோக அனுமதித்துவிட்டது. அந்த ஆணையத்தின் கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள், ஆனால் முதலில் அதை நீட்டாதீர்கள்.

முதலில் ஹெச்.எம். முன்னால் உங்கள் மகளே சுகர் பார்க்கட்டும். கையைக் கழுவி, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்ட்ரிப்பில் தொட்டு, திரையில் எண் வருவதை அவர் பார்க்கட்டும். ஒரு நிமிடம்கூட ஆகாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதைச் செய்வதை அவர் இதுவரை நேரில் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா