எக்ஸ் என்பது எத்தனை பிளேட்?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். பி.காம். முதலாண்டு. பிளஸ் டூவில் கணிதம் எடுக்கவில்லை. இப்போது அல்ஜீப்ராவும் புள்ளியியலும் சேர்ந்து வந்து நிற்கின்றன. எக்செல் கற்றுக்கொண்டால் கணக்கை அதுவே போட்டுவிடும் என்கிறார் ஒரு சீனியர் அக்கா. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, போன்தான். அம்மா அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை வைத்திருக்கிறார், மாலையில் நானும் கடையில் நிற்பேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடையிலிருந்தே தொடங்குங்கள். எக்செல் மாதிரியே இருக்கும் கூகுள் ஷீட்ஸ் போனில் இலவசம், இதற்கு அதுவே போதும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். வாடகை, கேஸ், ஆள் கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு 900 ரூபாய். ஒரு பிளேட் அத்தோவுக்கு நூடுல்ஸ், முட்டைகோஸ், எண்ணெய் என்று 35 ரூபாய் ஆகிறது. விற்பது 60 ரூபாய்க்கு. இந்த மூன்று எண்களையும் எஃப்1, எஃப்2, எஃப்3 செல்களில், அதாவது கட்டங்களில், போடுங்கள். ஏ பத்தியில் ஏ2 தொடங்கிக் கீழ்நோக்கி 0, 10, 20 என்று 80 வரை பிளேட் எண்ணிக்கை. பக்கத்தில், பி2 செல்லில் செலவு: =$எஃப்$1+$எஃப்$2*ஏ2. சி2-வில் வரவு: =$எஃப்$3*ஏ2. இரண்டையும் காப்பி செய்து கீழே வரை பேஸ்ட் செய்யுங்கள்.

இப்போது ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பாருங்கள். ஏ2 என்பது ஏ3, ஏ4 என்று மாறிக்கொண்டே போயிருக்கும். டாலர் குறி போட்டது மட்டும் இடத்தைவிட்டு அசைந்திருக்காது. மாறி, மாறிலி என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பிளஸ் டூவில் கணிதம் படிக்காதவர்கள் தடுமாறுகிற முதல் இடம் இது. கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் பயம் போய்விடும்.

30 பிளேட்டில் செலவு 1950, வரவு 1800. நஷ்டம். 40-இல் செலவு 2300, வரவு 2400. லாபம். அப்படியென்றால் இரண்டும் சமமாகும் இடம் நடுவில் எங்கோ இருக்கிறது. 31 முதல் 39 வரை நிரப்பினால் 36-இல் இரண்டு பக்கமும் 2160 என்று நிற்கும். உடனே நோட்டை எடுங்கள். பிளேட் எண்ணிக்கைதான் எக்ஸ். 60 எக்ஸ் = 900 + 35 எக்ஸ். 35 எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவந்தால் 25 எக்ஸ் = 900, எக்ஸ் = 36. தேர்வு அறைக்குப் போனை எடுத்துப்போக முடியாது. அதனால் ஷீட்டில் பார்த்த ஒவ்வொன்றையும் நோட்டில் ஒருமுறை கையால் போட்டே ஆக வேண்டும். சீனியர் அக்கா சொன்னதில் எனக்கு உடன்பாடில்லாத இடம் இது ஒன்றுதான்.

அப்புறம் எஃப்2-வில் 35-ஐ 40 ஆக்குங்கள். 36 பிளேட் 45 ஆகிவிடும். பிளேட்டுக்கு ஐந்து ரூபாய் கூடினால், கைப்பணம் போகாமல் இருக்கவே அம்மா இன்னும் ஒன்பது பிளேட் விற்றாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இருபடிக் கோவை (எக்ஸின் வர்க்கம் உள்ள கோவை) வரும்போது எக்செல், ஷீட்ஸ் இரண்டுமே ஓர் இடத்தில் காலை வாரும். ஏ2-வில் 3 இருக்க, =-ஏ2^2 என்று அடித்தால் விடை 9 என்று வரும். அல்ஜீப்ராவில் அது -9. முன்னால் நிற்கும் கழித்தல் குறியை ஷீட் முதலில் சேர்த்துக்கொண்டு, பிறகுதான் வர்க்கம் எடுக்கிறது. கவிழ வேண்டிய வரைபடம் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து, தான் படித்ததுதான் தப்பு என்று அழுத மாணவியை எனக்குத் தெரியும். =-(ஏ2^2) என்று அடைப்புக்குறி போட்டால் சரியாகிவிடும்.

புள்ளியியலுக்கும் அதே கடைதான். திங்கள் முதல் ஞாயிறு வரை விற்றது 30, 34, 28, 40, 36, 58, 68 பிளேட் என்று வைப்போம். சராசரி 42. பிளேட்டுக்கு ஆகும் செலவு பழையபடி 35 என்றால், தினமும் லாபம் என்று தோன்றும். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள்: 36. அதாவது நடுத்தரமான ஒரு நாளில் கடை லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மூன்று நாள் கைநஷ்டம். சனி, ஞாயிறுதான் வாரத்தைத் தூக்கி நிறுத்துகின்றன. காசிமேட்டு மீன் விலையை வருடம் முழுக்க எழுதிச் சராசரி எடுத்தாலும் இப்படித்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களைத் தனியாகப் பிரிக்காவிட்டால் அந்தச் சராசரி யாருக்கும் உதவாது.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிச் சிதறியிருக்கின்றன என்று சொல்வது திட்டவிலக்கம். அதற்கு ரெடிமேட் ஃபார்முலாவை முதலிலேயே தொடாதீர்கள். ஒரு பத்தியில் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 42-ஐக் கழியுங்கள். கூட்டிப் பார்த்தால் பூஜ்யம் வரும். எதற்காக வர்க்கம் எடுக்கிறோம் என்பது அப்போது தானே புரியும். வர்க்கங்களின் கூட்டல் 1376. அதை 7-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 14.02, 6-ஆல் வகுத்தால் 15.14. முதலாவது ஸ்டிடெவ்.பி என்ற ரெடிமேட் ஃபார்முலா தரும் விடை, இரண்டாவது ஸ்டிடெவ்.எஸ் தருவது. இந்த ஏழு நாள்தான் உங்கள் முழுக் கணக்கு என்றால் முதலாவது. இதை மாதிரியாக வைத்து மற்ற வாரங்களைப் பற்றிச் சொல்லப்போகிறீர்கள் என்றால் இரண்டாவது. உங்கள் பாடப்புத்தகம் எதை வைத்துப் போடுகிறது என்று பார்த்து, தேர்வில் அதையே எழுதுங்கள்.

கல்லூரி லேபில் எக்செல் இல்லாவிட்டாலும் லிப்ரே ஆபீஸ் கால்க் இருந்தால் போதும், அதுவும் இலவசம். போனில் போட்ட ஃபைலை எக்செல் வடிவில் இறக்கி எடுத்துப்போனால் அங்கேயும் திறக்கும்.