வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஆங்கில எழுத்தாளர் லோறன்ஸ் டறல் எழுதிய, கிரேக்கத்தின் கிறீற் தீவில் நிகழும் நாவலைப் பயண நூலென நினைத்து வாங்கினேன். பாதிக்குமேல் குகைக்குள்ளேயே கதை நிற்கிறது. இதனைத் தொடர்ந்து படிக்கலாமா? (வாசகர், புத்தூர்)

பதில்: கட்டாயம் படியுங்கள். 1947இல் ‘செஃபாலு’ என்ற பெயரில் வெளிவந்து, பின்னர் ‘இருண்ட சுழல்வழி’ என்று பொருள்படும் தலைப்பில் மறுபதிப்புப் பெற்ற இந்நாவல், தீவைச் சுற்றிக் காட்டுவதற்காக எழுதப்பட்டதன்று. உல்லாசக் கப்பலில் வந்திறங்கும் ஆங்கிலேயர் ஒவ்வொருவரும் தத்தம் குறையைச் சுமந்தே வருகின்றனர்: ஒருவர் மரணத்துக்கு நாள் குறிக்கப்பட்ட பிரபு, இன்னொருவர் போரின்போது தாம் கொன்ற ஜேர்மன் அதிகாரியை மறக்க முடியாமல் தவிப்பவர், வேறொருவர் இறந்தோரின் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லும் தம் ஆற்றல் கைநழுவுவதை உணரும் ஆவியுலக ஊடகர். குகையில் பாறை சரிந்து அவர்களைப் பிரித்தபின், அவரவர் முடிவு அவரவர் இயல்புக்கேற்ப அமைகிறது.

யாழ்ப்பாணத்து நிலாவரை ஆழ்கிணற்றுக்கு அருகில் வாழும் தங்களுக்குச் சுண்ணக்கல் நிலத்தின் அடியில் என்ன இருக்குமோ என்ற அச்சம் புதிதன்று. கிறீற்றும் குகைகள் மலிந்த சுண்ணக்கல் தீவுதான்.

சில பாத்திரங்கள் ஆசிரியரின் தத்துவத்தை ஒப்புவிக்கவே வாய் திறக்கின்றன என்பது என் குறை. எனினும், வெளியேற வழியற்ற மேட்டுநிலமொன்றை அடையும் ட்றூமன் தம்பதியரின் பகுதியில் அந்தச் செயற்கை அறவே இல்லை. கணவனும் மனைவியும் அங்கே குடித்தனம் தொடங்கும் பக்கங்களே நாவலின் ஆகச் சிறந்தவை. அதுவரையாவது சலிக்காமல் வாசியுங்கள்.