பசிபிக் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்ட போர்க்கைதிகள் எப்படி நடத்தப்பட்டார்கள்?

எல்லா முகாம்களையும் ஒரே பதிலில் அடக்க முயன்றால் வெறும் எண்களே மிஞ்சும். ஆகவே, நான் நேரில் பார்த்த ஓரிடத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அது போர்னியோத் தீவின் சண்டாக்கான். இன்று மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ளது. முகாம் இருந்த இடம் இப்போது நினைவுப் பூங்காவாக இருக்கிறது. மரங்களுக்கிடையே அக்காலத்துக் கொதிகலனும் மண் தோண்டும் இயந்திரமும் துருவேறி நிற்கின்றன.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் வீரர்களில் ஒரு பகுதியினர் விமான ஓடுதளம் அமைப்பதற்காக அங்கே கப்பலில் கொண்டுசெல்லப்பட்டனர். 1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தாலும் அதற்கு முறையான ஒப்புதல் அளிக்கவில்லை. உயிரோடு பிடிபடுவதே இழுக்கு என்று தன் வீரர்களுக்குக் கற்பித்திருந்த ஒரு படையிடம், பிடிபட்ட எதிரிக்கு என்ன மதிப்பு இருந்திருக்கும்?

அடி, உதை, நிமிர்ந்து நிற்க முடியாத மரக்கூண்டு எல்லாம் அங்கே இருந்தன. ஆனாலும், நான் வாசித்தறிந்த வரையில், அவர்களை மிகுதியாகக் கொன்றவை பசியும், பசியால் நலிந்த உடலைப் பற்றிக்கொண்ட மலேரியா, பெரிபெரி (வைட்டமின் பி1 குறைபாட்டு நோய்), வயிற்றுப்போக்கு ஆகியவையுமே. 1945 ஜனவரியில் அரிசி வழங்குவதும் நிறுத்தப்பட்டது. முன்பே மிச்சம் பிடித்து வைத்திருந்த அரிசியைக் கொண்டே கைதிகள் நாளைக் கடத்தினர்.

அந்த மாதமே முதல் மரண நடை தொடங்கியது. ஜப்பானியரின் சுமைகளைத் தூக்கிக்கொண்டு, சேற்றுக் காட்டிலும் மலையிலும் சுமார் 260 கிலோமீட்டர் நடந்து ரானாவ் என்ற ஊருக்குச் செல்ல வேண்டும்; நடக்க முடியாமல் விழுந்தவர்கள் கொல்லப்பட்டனர். உயிரோடு போய்ச் சேர்ந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. 20 கிலோ அரிசி மூட்டையை முதுகில் ஏற்றி, சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலிருந்த பகினாத்தானுக்கு நடக்க வைத்தனர். தம் வயிற்றுக்குக் கிடைக்காத அரிசியை, எலும்பும் தோலுமாகிவிட்ட அந்த மனிதர்கள் தம் முதுகில் சுமந்தார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வதைக்கும் செய்தி.

மே 29 அன்று முகாமுக்குத் தீ வைத்துவிட்டு, ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோரை இரண்டாவது நடைக்குக் கிளப்பினர். அவர்களில் ரானாவை எட்டியவர்கள் 183 பேர். ஆகஸ்ட் 15 அன்று போர் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட பிறகும், அங்கே எஞ்சியிருந்த கைதிகளை ஆகஸ்ட் 27 அன்று சுட்டுக் கொன்றனர்.

சண்டாக்கானில் இருந்த 2,434 கைதிகளில் உயிர் பிழைத்தவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே தப்பி ஓடிய ஆஸ்திரேலியர்கள். பிடிபட்டால் தங்கள் உயிரும் போகும் என்று அறிந்தே, உள்ளூர்க் கிராமத்தினர் அவர்களுக்குச் சோறிட்டுக் காட்டில் மறைத்து வைத்தனர். அந்த ஆறு பேர் பின்னாளில் சொன்ன சாட்சியங்களால்தான் அந்த மரண நடைகளின்போது நடந்தவற்றில் பெரும்பகுதி நமக்குத் தெரிய வந்தது.